பள்ளம்

சோஃபியாவில் பிப்ரவரி.
நான்காம் மாடிச் சன்னலில் வித்தோஷா மலை இல்லை,
பனிமூட்டம் இருக்கிறது.
பிளாட்டினத் தகட்டைச் சுடரில் காட்டுகிறேன்
செக்கச் சிவக்கும்வரை.
நேற்றுத் தொட்டதெல்லாம் எரிந்து போகட்டும்.

முதலில் வெறும் தண்ணீர்.
தகடு தொட்டதும் எட்டிப் பிடித்து இழுக்கிறது:
எழுபத்திரண்டு.
இருபத்தைந்து டிகிரியில் தண்ணீரின் பிடிவாதம்
எந்த ஊரிலும் இந்த எண்தான்.
பிறகு சொட்டுச் சொட்டாய்ச் சோப்பு.
அறுபது. ஐம்பத்தொன்று. நாற்பத்து நான்கு.
பிடி தளர்கிறது.

தலையைத் தண்ணீரில் நனைத்து
வாலைக் காற்றில் நீட்டி நிற்கும் மூலக்கூறுகள்.
எண்ணெய் வால் தண்ணீரை வெறுக்கிறது என்று
பாடப்புத்தகத்தில் எழுதியவர்
வெப்பத்தை அளந்து பார்த்ததில்லை போலும்.
நான் அளந்திருக்கிறேன். ஏறக்குறையப் பூஜ்யம்.
வெறுப்புக்கு இவ்வளவுதானா சூடு?
வாலைச் சுற்றிக் கைகோத்துக்
காவல் நின்ற தண்ணீர்
வால் வெளியேறியதும்
கையை உதறிக் கூட்டத்தில் கலக்கிறது.
என்ட்ரோபி என்கிறோம்.
யாரும் யாரையும் விரட்டவில்லை,
தண்ணீருக்கு விடுப்புக் கிடைத்தது.

கோடு சரிந்துகொண்டே வந்தது.
எவ்வளவு செங்குத்தாய்ச் சரிகிறதோ
அதை வைத்தே மேலே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம்.
கிப்ஸ் சமன்பாடு, ஒரே வரி.
ஆளுக்கு அரை சதுர நானோமீட்டர்.
காலை நெரிசலில் டிராமில்
எனக்குக் கிடைப்பதைவிட நியாயமான பங்கு.

எட்டு மில்லிமோலில் கோடு சமதளமாக வேண்டும்.
அதற்குமேல் வருகிறவர்கள்
உள்ளேயே உருண்டை கட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.
ஆகவில்லை.
முப்பத்திரண்டுவரை இறங்கியது,
மூச்சு வாங்கியது,
மறுபடி ஏறியது முப்பத்தெட்டுக்கு.

ஏறும் கோட்டைச் சமன்பாட்டில் இட்டால்
மேற்பரப்பில் இருப்பு: கழித்தல் குறி.
ஒருவருமில்லை என்பதற்கும் கீழே.
உப்பென்றால் சரி, மேற்பரப்பைக் கண்டால் அது ஒதுங்கும்.
சோப்புமா?

ஓக்னியான் குரலைத் தாழ்த்தினான்:
"மூன்று புள்ளிதானே ருமியானா, எடுத்துவிடு.
வெள்ளிக்கிழமை அறிக்கை."
ஒப்பந்த வேலை, இரண்டு பிள்ளைகள், வாடகை.
ஆனாலும்
அழிப்பானைத் தேடியது என் கை,
அவன் கை இல்லை.

தேடும்போதுதான் புட்டியின் தேதி கண்ணில் பட்டது.
ஆறு வருடம்.
ஈரம் புகுந்து
தன்னிலிருந்தே தான் உடைந்து
டோடெகனால் ஆகியிருக்கிறது,
ஆயிரத்தில் ஒன்று.
வெளியிலிருந்து எவரும் வரவில்லை.
இடம் கொடுத்ததால் மடத்தைப் பிடுங்கிய கதையும் அல்ல,
இவர் மடத்துக்குள்ளேயே பிறந்தவர்.
ஆயிரத்தில் ஒன்றாய் இருந்துகொண்டு
மேற்பரப்பில் பாதியை வளைத்திருக்கிறார்.
உருண்டைகள் திரண்டதும்
அவற்றின் வயிற்றுக்குள் போய்ப் பதுங்கிவிட்டார்.
பள்ளம்,
அவர் உட்கார்ந்து எழுந்த இடம்.

மூன்று இரவு.
நைட்ரஜனைக் குமிழ் குமிழாய் விட்டு
எழும் நுரையை
மெல்லிய குழாயால் உறிஞ்சி எறிந்தேன்.
மேலே வரத் துடிப்பவரை
மேலே வரவிட்டுத்தான் பிடிக்க முடியும்.
விரல்நுனி வெடித்தது. எத்தனால் நாற்றம் கம்பளிக்கோட்டில்.
நான்காம் நாள் கோடு சரிந்தது, படுத்தது,
திரும்பி எழவில்லை.

ஓக்னியான் போசா வாங்கி வந்தான்.
நின்றபடியே குடித்தோம், பேசவில்லை.
அறிக்கை திங்கட்கிழமைதான் போயிற்று.
பள்ளம் விழுந்த தாளையும்
கூடவே வைத்தேன், அவன் கேட்காமலே.

சுத்தமான கரைசல் மேசைமேல் இருக்கிறது.
இறுக்கி மூடியிருக்கிறேன்.
என்றாலும் தண்ணீரில் அல்லவா இருக்கிறது,
இந்நேரம் எங்கோ ஒன்று உடைந்திருக்கும்.
குடுவையின்மேல் இன்றைய தேதியை எழுதினேன்,
பெரிய எழுத்தில்.